வாய் திறக்காத பிள்ளையின் பார்வையை அளப்பது எப்படி?

எனது தம்பிக்கு இப்போது ஆறு வயது. குறைமாதத்தில் பிறந்தவன். பேசமாட்டான், யாராவது பிடித்துக்கொள்ளாவிட்டால் உட்காரவும் மாட்டான். இரண்டு வயதில் அவனை முதன்முதலாகக் கண் கிளினிக்குக்குக் கொண்டு போனபோது, அவனுடைய கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரேயொரு வரி எழுதித் தந்தார்கள். பார்வையைப் பரிசோதிக்க முடியவில்லை என்பதுதான் அந்த வரியின் பொருள். அதை எங்களுக்கு வாசித்துச் சொன்ன ஒருவர், "கண் தெரியாதாம்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன்பே அந்தச் செய்தி ஊருக்குள் இறங்கியிருந்தது.

உம்மா மட்டும் அதை ஏற்கவில்லை. "ஃபேன் சுத்தினா அண்ணாந்து பாக்குறான் மகள். கண் தெரியாத புள்ள ஏன் பாக்கணும்?" என்பார். "காத்துப் படுறதால திரும்புறான்" என்பார் மாமி. இரண்டிலும் நியாயம் இருந்தது. அளந்து பார்க்காமல் தீர்க்க முடியாத வழக்கு அது. ஆனால் "அந்த எழுத்து என்ன?" என்று கேட்டால் பதில் சொல்ல வாயும், சுட்டிக்காட்டக் கையும் வசப்படாத பிள்ளையின் பார்வையை எப்படி அளப்பது? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அந்தக் கேள்வி வீட்டுப்பாடமாகவே வந்து சேர்ந்தது. நான் வாசித்தும் நேரில் கண்டும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கண் கிளினிக்கின் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹேர்மன் ஸ்னெலன் என்ற கண் வைத்தியர் 1862 இல் அதை வெளியிட்டார். 6 மீற்றர் தூரத்தில் நின்று வாசிக்கும் 6/6 வரியின் எழுத்து ஏறத்தாழ 8.7 மில்லிமீற்றர் உயரமானது. 6/60 எழுத்து அதைப்போல் பத்து மடங்கு பெரியது. ஒருவரின் பார்வை 6/60 என்றால், நல்ல பார்வையுள்ளவர் 60 மீற்றரில் நின்று காணும் எழுத்தை இவர் 6 மீற்றருக்கு வந்துதான் காண்கிறார்.

இந்த அட்டை கண்ணை மட்டும் அளப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எழுத்தறிவு, பேச்சு, கவனம், வெட்கம் எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கிறது. சிறு பிள்ளைகளுக்காகப் பின்லாந்தின் கண் வைத்தியர் லியா ஹைவாரினன் 1976 இல் அப்பிள், வீடு, வட்டம், சதுரம் என்ற நான்கு படங்களைக் கொண்ட அட்டையை உருவாக்கினார். மங்கலாகும்போது நான்கும் ஒரேமாதிரி வட்டமாகத் தெரியும்படி வரையப்பட்டிருப்பதால், அரைகுறையாகப் பார்த்து ஊகித்துச் சொல்வது கடினம். அருமையான யோசனைதான். ஆனாலும் பிள்ளை பெயர் சொல்ல வேண்டும், அல்லது அதே படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். எங்கள் தம்பிக்கு இரண்டும் இயலாது.

இதற்கு ஒரு வழியைக் கைக்குழந்தைகள்தாம் காட்டின. 1950களின் இறுதியில் ரொபேர்ட் ஃபான்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விடயத்தைக் கவனித்தார். வெறுமையான ஒரு பரப்பையும் வடிவங்கள் உள்ள ஒரு பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால், குழந்தை வடிவங்கள் உள்ளதையே கூடுதலாகப் பார்க்கிறது. இந்த இயல்பைக் கொண்டு டவீடா டெல்லர் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1980களில் சாம்பல் நிற அட்டைகளை உருவாக்கினர். அட்டையின் ஒரு பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இருக்கும். மற்றப் பக்கம் அதே அளவு வெளிச்சமுள்ள வெறும் சாம்பல். மருதமுனைச் சாறனின் மெல்லிய கோடுகள் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரே நிறமாகக் கலந்துவிடுகின்றன அல்லவா? அதுபோலத்தான். கோடுகளைப் பிரித்தறிய முடியாத கண்ணுக்கு அட்டை முழுவதும் வெறும் சாம்பலாகவே தெரியும். எந்தப் பக்கமும் அதை இழுக்காது. பிரித்தறியும் கண் கோடுகளின் பக்கம் போகும். பரிசோதிப்பவர் அட்டையின் நடுவிலுள்ள சிறிய துவாரத்தினூடாகப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோடுகளை அட்டைக்கு அட்டை மெல்லியதாக்கிக்கொண்டே போய், கண் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்வார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம், கோடுகளுக்குத் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை என்பது. கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், கேட்ட கேள்வி விளங்காமல் தலையாட்டிவிட்டு வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறையும் உண்டு. அட்டைக்குப் பின்னால் இருப்பவரின் கண்தான் இங்கே அளவுகோல். தலை தொங்கிவிடும், கண் அலைந்துகொண்டே இருக்கும், ஒரு பொருளின் பக்கம் திரும்பவே பல விநாடிகள் எடுக்கும் ஒரு பிள்ளை உண்மையில் எதைப் பார்த்தது என்று துணிந்து சொல்வது அனுபவசாலிக்கும் சிரமம். கணினி உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான்.

தம்பிக்கு நாலரை வயதானபோது கொழும்பில் அவனுக்கு ஒரு கணினிப் பரிசோதனை செய்தார்கள். கண்ணைக் கேட்காமல் நேரே மூளையைக் கேட்கும் முறை அது. பார்வைக்கான மூளைப் பகுதி பின்னந்தலையில் இருக்கிறது என்று நாம் படித்திருக்கிறோம். தலைத்தோலில் அந்த இடத்தில் மின்வாய்களை ஒட்ட வேண்டும். பயணத்துக்காக உம்மா முதல்நாள் இரவு தம்பியின் தலைக்குத் தேங்காயெண்ணெய் தாராளமாகத் தடவியிருந்தார். எண்ணெய்த் தலையில் மின்வாய் சரியாகப் பிடிக்காது. முதலில் தலையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள். வைத்தியசாலைக் குழாயடியில் வாப்பா தம்பியைத் தூக்கிப் பிடிக்க, உம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவினார். இந்தப் பரிசோதனைக்குப் போகும் பெற்றோர் எண்ணெய் தடவாமல் போங்கள். எங்களுக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.

பின்பு ஓர் இருட்டறையில், உம்மாவின் மடியில் இருந்தபடி தம்பி ஒரு திரையைப் பார்க்க வேண்டும். திரையில் சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைச் சதுரங்கள். விநாடிக்கு இரண்டு தடவை கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றத்தையும் கண் உணர்ந்தால், நல்ல பார்வையுள்ள ஒருவரின் பின்னந்தலையில் ஏறத்தாழ 100 மில்லிவிநாடிகளின் பின்னர் ஒரு சிறிய மின்னலை எழும். அது ஒருசில மைக்ரோவோல்ற்று அளவுதான். மூளை ஓயாமல் செய்துகொண்டிருக்கும் மற்ற வேலைகளின் மின் இரைச்சலோ அதைவிடப் பெரியது. அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் கன்டீனை நினைத்துப் பாருங்கள். இடைவேளையில் நூறு பேர் கத்திக்கொண்டிருக்கும்போது, ஒரு மூலையில் ஒருத்தி மெதுவாக ஒரே சொல்லைச் சொல்கிறாள். ஒரு தடவை ஒலிப்பதிவு செய்தால் அவள் குரல் கேட்காது. ஆனால் மணி அடித்து அதே கணத்தில் அவள் அதே சொல்லைச் சொல்லும்படி நூறு நாட்கள் பதிவுசெய்து, நூறையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் என்ன நடக்கும்? மற்றவர்களின் சத்தம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அவளுடைய சொல் மட்டும் நிலைத்து நிற்கும். நூறு பதிவுகளின் சராசரியில் இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும். கணிதப் பிரிவு மாணவிகளுக்கு இது வர்க்கமூலக் கணக்கு என்று உடனே தெரிந்திருக்கும். சதுரம் மாறும் கணத்தையும் மூளையின் மறுமொழியையும் துல்லியமாக இணைத்துக் கூட்டிக் கழிக்கும் இந்த வேலையைத்தான் கணினி செய்கிறது.

எங்களுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய திரையில் அந்த அலை வளர்வதை நான் பார்த்தேன். முதலில் கிறுக்கல். சிறிது சிறிதாகக் கிறுக்கல் அடங்கியது. பெரிய சதுரங்களுக்கு ஒரு மேடு எழுந்தது. வழமையைவிடப் பிந்தி, சற்றுத் தாழ்வாக, ஆனால் சந்தேகமில்லாத ஒரு மேடு. சதுரங்களைச் சிறிதாக்கியபோது மேடு தாழ்ந்துகொண்டே போய் ஓர் இடத்தில் தட்டையாகிவிட்டது. உம்மாவுக்கு அந்த வரைபடம் விளங்கவில்லை. "தெரியுதாமா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். "பெரிசாக் காட்டினாத் தெரியுது உம்மா" என்றேன். அந்த இருட்டில் அவர் அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிற்பகலில் வேறோர் அறையில் கோட்டு அட்டைகளாலும் பரிசோதித்தார்கள். இரண்டு முடிவுகளும் ஒத்துவந்தன. கொப்பியில் பழைய வரிக்குக் கீழே இப்போது ஓர் இலக்கம் இருக்கிறது: ஏறத்தாழ 6/60 க்குச் சமமான பார்வை. வைத்தியர் சிங்களத்தில் சொன்னதை ஒரு தாதி எங்களுக்குத் தமிழில் சொன்னார். கண்ணில் பெரிய குறை இல்லை. கண் அனுப்புவதை மூளை வாங்கி விளங்கிக்கொள்வதில்தான் குறையும் தாமதமும். குறைமாதப் பிள்ளைகளிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு அசையும் பொருள் அசையாததைவிட எளிதாகப் புலப்படுவதுண்டு. உம்மாவின் ஃபேன் வழக்கு அந்த நிமிடத்தில் தீர்ந்தது.

தீராத கேள்விகளும் இருந்தன. கோடுகள் தெரிகின்றன, சரி. ஆனால் எவ்வளவு நேரம் கொடுத்தால் தெரிகிறது? பத்துப் பொருட்களுக்கு நடுவில் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியுமா? இதை அளக்கும் கருவிகளைப் பற்றி ஊருக்குத் திரும்பிய பின்னர்தான் வாசித்தேன். திரையின் கீழே பொருத்தப்பட்ட ஒரு கருவி, எங்கள் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பிள்ளையின் கண்மீது செலுத்துகிறது. விழிவெண்படலத்தில் அது ஒரு புள்ளியாக மின்னும். அந்தப் புள்ளிக்கும் கண்மணியின் மையத்துக்கும் இடையிலுள்ள தூரம் கண் திரும்பத் திரும்ப மாறும். விநாடிக்கு 60 தடவை அல்லது அதற்கு மேலும் கமரா இதைப் படம்பிடிக்க, பிள்ளை திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. துவாரத்தினூடாக உற்றுப் பார்த்து ஊகித்தவரின் வேலை இங்கே அளவீடாகிவிட்டது.

நெதர்லாந்தின் ரொட்டர்டாமிலுள்ள எராஸ்மஸ் மருத்துவ மையத்தில் இந்த முறையால், திரையின் ஒரு மூலையில் படமோ அசைவோ தோன்றியதிலிருந்து பிள்ளையின் கண் அங்கே போய்ச் சேரும் வரை எடுக்கும் நேரத்தை அளக்கிறார்கள். பிள்ளை எதுவும் சொல்ல வேண்டியதில்லை, செய்ய வேண்டியதில்லை; பார்த்தால் போதும். மூளைசார் பார்வைக் குறைபாடுள்ள பல பிள்ளைகளின் கண் மற்றப் பிள்ளைகளுடையதைவிடப் பிந்தியே போய்ச் சேருகிறது. அமெரிக்காவின் பொஸ்டனில் லொத்ஃபி மெராபெற் என்ற ஆய்வாளரின் குழு, கட்டளைகளை விளங்கிக்கொள்ளும் சற்றுப் பெரிய பிள்ளைகளுக்காகக் கணினி விளையாட்டுப் போன்ற பரிசோதனைகளை உருவாக்கியிருக்கிறது. ஒன்றில் விளையாட்டுப் பொருட்கள் நிறைந்த பெட்டியில் தனக்குப் பிடித்த பொருளைத் தேட வேண்டும். இன்னொன்றில், மாணவர்கள் நடமாடும் பாடசாலை நடைபாதையில் அதிபரைத் தேட வேண்டும். கூட்டத்தைக் கூட்டியும் குறைத்தும், கண் அலையும் பாதையைக் கணினி பதிந்துகொள்ளும். (எங்கள் கல்லூரியில் அதிபரைக் கண்டுபிடிக்கக் கண்ணே தேவையில்லை. வராந்தா திடீரென்று அமைதியானால் போதும்.) எழுத்து அட்டையில் நல்ல இலக்கம் பெறும் பிள்ளைகள் சிலர்கூட இந்த நெரிசலில் தடுமாறுகிறார்கள். "கண் நல்லாத்தானே இருக்கு, ஏன் முன்னால கிடக்கிற பென்சிலைத் தேடுறாய்?" என்று ஏச்சு வாங்கும் பிள்ளைகளுக்காக எனக்கு இதைப் படித்தபோது கவலையாக இருந்தது.

தம்பிக்கு அந்தக் கருவி கிடைக்கவில்லை. ஆனால் அது அளக்கும் விடயங்களை வீட்டிலேயே கவனிக்கலாம் என்று தோன்றியது. எங்கள் சாப்பாட்டு மேசையில் ரோசாப்பூக்கள் நிறைந்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று பெருநாளுக்கு வாங்கியது இருந்தது. அதன்மேல் பூப்போட்ட கோப்பை. அவனுக்கு அது பூக்களுக்குள் ஒளிந்த பூ. விரிப்பை எடுத்துவிட்டு உம்மாவின் பழைய கறுப்புத் துணியொன்றை விரித்தோம். ஒரேயொரு மஞ்சள் கோப்பையை மட்டும் வைத்தோம். குறைமாதப் பிள்ளைகள் சிலருக்குப் பார்வைப் புலத்தின் கீழ்ப்பகுதி சரியாகத் தெரியாது என்றும் தாதி சொல்லியிருந்தார். அதனால் கோப்பையை மடிக்கு நேராக அல்லாமல் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினோம். பிறகு காத்திருந்தோம். இந்தக் காத்திருப்புத்தான் கடினம். முன்பெல்லாம் ஒரு பொருளை இரண்டு விநாடி காட்டிவிட்டு, திரும்பாவிட்டால் எடுத்துவிடுவோம். அவன் பதில் சொல்லும் முன்பே கேள்வியை எடுத்துக்கொண்டோம். இப்போது மனதுக்குள் பத்துவரை எண்ணுகிறோம். சில நாட்களில் நாலில் திரும்புவான், சில நாட்களில் ஒன்பதில். களைத்திருந்தால் திரும்பவே மாட்டான்.

அந்தக் கடைசி விடயத்தைக் கணினி விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். பிள்ளை பசியோடு இருந்தால், வலிப்புக்கான மருந்தினால் மயக்கமாக இருந்தால், எந்தக் கருவியும் அன்றைய பிள்ளையைத்தான் அளக்கும். கண்காணிக்கும் கமரா, கண் அங்கே போனது என்று சொல்லும்; கண்டதை மனம் விளங்கிக்கொண்டதா என்று சொல்லாது. பின்னந்தலையில் அலை எழுந்தால் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள்; அதை அவன் பயன்படுத்துகிறானா என்பது வேறு விடயம். கோடுகளைக் கொண்டு பெற்ற இலக்கம், எழுத்துகளைக் கொண்டு பெறும் இலக்கத்தைவிடச் சற்று நன்றாகவே காட்டுவதும் உண்டு. ஆகவே இலக்கத்தோடு, தினமும் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவரின் வார்த்தையும் வைத்தியருக்கு வேண்டும்.

பேசக்கூடிய பிள்ளைகளுக்கு இத்தனை பெரிய கருவிகள் தேவையில்லை. ஜேர்மனியின் ஃபிரைபூர்க் நகரில் மைக்கேல் பாஹ் உருவாக்கி 1996 இல் அறிமுகப்படுத்திய பார்வைப் பரிசோதனை மென்பொருள் இலவசமானது. திரையில் ஒரு வளையம் தோன்றும். அதன் இடைவெளி எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். 1 முதல் 100 வரை ஓர் எண்ணை நினைக்கச் சொல்லி, "50 ஐ விடக் கூடவா?" என்று கேட்டு விளையாடுவோமே, அதுபோல ஒவ்வொரு பதிலையும் வைத்து அடுத்த வளையத்தின் அளவைக் கணினி தீர்மானிக்கும். ஊகித்துச் சொல்லும் வாய்ப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். எங்கள் கணினி அறையில் தோழிகளோடு செய்து பார்த்தேன். திரையிலுள்ள கோட்டை அடிமட்டத்தால் அளந்து பதியாவிட்டால் முடிவு பிழைக்கும். தூரமும் முக்கியம். 3 மீற்றரில் 6/6 க்குரிய இடைவெளி ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. சாதாரணத் திரையில் அது மூன்று நான்கு புள்ளிகள்தாம். இன்னும் கிட்டே வந்தால் சிறிய வளையங்களை ஒழுங்காக வரையத் திரைக்கே முடியாது. அன்று ஒரு தோழிக்கு ஒரு கண்ணில் பார்வை மிகக் குறைவு என்று தெரியவந்தது. மற்றக் கண் நன்றாக இருந்ததால் அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. கண் வைத்தியரிடம் போயிருக்கிறாள். எங்கள் விளையாட்டு நோயைக் கண்டறியும் சோதனை அல்ல. வைத்தியரிடம் போகச் சொல்லும் மணி மட்டும்தான்.

அந்த மணியை ஒரு மாவட்டம் முழுவதும் அடித்துப் பார்த்தவர்கள் கென்யாவில் இருக்கிறார்கள். கிட்டாலே நகரை அண்டிய 50 பாடசாலைகளில், 20,000 க்கும் மேற்பட்ட மாணவர்களின் பார்வையை ஆசிரியர்களே பரிசோதித்தார்கள். பாதிப் பாடசாலைகளில் வழமையான அட்டையும் காகிதக் கடிதமும். மற்றப் பாதியில் 'பீக்' என்ற கையடக்கத் தொலைபேசிச் செயலி. செயலி பயன்படுத்திய பாடசாலைகளில், பிள்ளைக்கு உலகம் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று காட்டும் படமொன்றைப் பெற்றோருக்கு அனுப்பினார்கள். குறுஞ்செய்தியால் நினைவூட்டவும் செய்தார்கள். 2018 இல் வெளியான முடிவின்படி, வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டவர்களில் அட்டைக் குழுவில் 22 வீதமானோரும், செயலிக் குழுவில் 54 வீதமானோரும் போயிருந்தார்கள். அளந்ததைவிட, அளந்ததைப் பெற்றோரின் கண்ணுக்குக் காட்டியதுதான் வேலை செய்தது என்று நான் நினைக்கிறேன். எங்களுக்கும் தம்பியின் முதல் கொப்பியில் ஒரு வரிக்குப் பதிலாக அப்படியொரு படம் கிடைத்திருந்தால், ரோசாப்பூ விரிப்பு இரண்டரை வருடங்களுக்கு முன்பே மேசையைவிட்டுப் போயிருக்கும்.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் பெற்றோரில் யாருடைய கொப்பியிலாவது அந்தப் பழைய வரி இருந்தால், "எந்த முறையால் பரிசோதித்தீர்கள்? வேறு முறை உண்டா? மறுபடி எப்போது?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. அடுத்த கிளினிக்குக்கு நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகிறேன்: எத்தனை எண்ணும்போது திரும்புகிறான், எந்த நிறத்துக்கு, எந்தப் பக்கத்துக்கு.

போன வெள்ளிக்கிழமை மாமி வீட்டுக்கு வந்திருந்தார். மஞ்சள் கோப்பையைத் தானே காட்டிப் பார்க்க வேண்டும் என்றார். ஃபேனை நிறுத்தச் சொன்னார்; காற்று என்று பிறகு யாரும் சொல்லக்கூடாதாம். கோப்பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் அல்லாமல் சத்தமாகவே எண்ணத் தொடங்கினார். ஏழு என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.